கையெழுத்துப் போட்டவர்கள்: வெர்சாய் சமாதானம் எங்கே உடைந்தது

1921 ஆகஸ்ட் 26. ஜெர்மனியின் தென்மேற்கில் கருங்காடு என்று பெயர்பெற்ற மலைப்பகுதி. அங்கே பாட் கிரீஸ்பாக் என்ற சிற்றூருக்கு ஓய்வுக்காக வந்திருந்த மத்தியாஸ் எர்ஸ்பெர்கர், கட்சிக்காரர் ஒருவருடன் காலாற நடந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் நெருங்கி வந்து சுட்டார்கள். சரிவில் விழுந்தவரை விடாமல் கீழே இறங்கிப்போய் மறுபடியும் சுட்டார்கள். அவருக்கு அப்போது வயது 45.

கொன்றவர்கள் முன்னாள் படை அதிகாரிகள். ‘கான்சுல்’ என்ற ரகசிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். சொந்தப் பகை எதுவும் கிடையாது. அவர்கள் கணக்கில் எர்ஸ்பெர்கர் செய்த பெரிய குற்றம், 1918 நவம்பர் 11 அன்று ஜெர்மன் குழுவுக்குத் தலைமை தாங்கிப்போய்ப் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது.

இரண்டாம் உலகப்போர் ஏன் வந்தது என்று கேட்டால், முதல் உலகப்போருக்குப் பிறகு 1919-இல் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கையைச் சொல்லத்தான் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தோற்ற நாட்டை அளவுக்கு மீறி நசுக்கினார்கள், அது வெகுண்டெழுந்தது என்று முடியும் பதில். பொய்யான பதில் இல்லை. ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. 1945-இல் ஜெர்மனிக்குக் கிடைத்தது 1919-ஐவிடப் பல மடங்கு கடுமையானது. நாடே துண்டானது, கிழக்கே பெரும் நிலப்பரப்பு போனது, ஒரு கோடிக்கும் மேலான ஜெர்மானியர்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். அந்தச் சமாதானம் நின்றது. 1945-இன் சமாதானம் நின்றதென்றால் 1919-இன் சமாதானம் ஏன் விழுந்தது?

கடுமையின் அளவைப் பார்ப்பதைவிட, அது யார் தலையில் இறங்கியது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்று நினைக்கிறேன். வெர்சாயின் சுமை, போரைத் தொடங்கி நடத்தித் தோற்றவர்கள் மேல் விழவில்லை. போரை முடிக்க முன்வந்தவர்கள் மேல் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எதிரி நாட்டுக்குள் சமாதானத்தை விரும்பியவர்களையே அந்தச் சமாதானம் முதலில் சாய்த்துவிட்டது. எர்ஸ்பெர்கரின் கதையைப் பிடித்துக்கொண்டு போனால் இது படிப்படியாகத் தெரியும்.

காட்டுக்குள் ஒரு ரயில் பெட்டி

1918 செப்டம்பர் 29. ஜெர்மன் படையின் நிஜமான தலைவராக இருந்த லூடன்டார்ஃப், போர் தோற்றுவிட்டது, உடனே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று அரசிடம் சொன்னார். இதுவரை நாடாளுமன்றத்தை மதிக்காத மனிதர், இப்போது நாடாளுமன்றக் கட்சிகளிடம் ஆட்சியைக் கொடுத்துவிடலாம் என்கிறார். ஏன்? இரண்டு நாள் கழித்துத் தன் அதிகாரிகளிடம் அவரே காரணத்தைச் சொன்னார். நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், அவர்கள் காய்ச்சிய கஞ்சியை அவர்களே குடிக்கட்டும் என்ற பொருளில். கூட்டத்தில் இருந்த அதிகாரி ஒருவரின் குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. தோல்வி உறுதியான அந்த வாரத்திலேயே பழியை யார் தலையில் கட்டுவது என்பதும் முடிவாகிவிட்டது.

அப்படித்தான் போர்நிறுத்தம் பேச ஒரு தளபதி போகாமல் எர்ஸ்பெர்கர் போனார். மையக் கட்சி என்ற கத்தோலிக்கக் கட்சியின் தலைவர்களில் ஒருவர், பள்ளி ஆசிரியராக வேலைபார்த்தவர். அவரைத் தியாகி ஆக்குவது என் நோக்கமில்லை. 1914-இல் அக்கம்பக்கத்து நாடுகளின் நிலத்தைப் பறித்துச் சேர்க்க வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் போர் எங்கே போகிறது என்பதைப் பார்த்து மனம் மாறினார். 1917 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சமாதானத் தீர்மானம் நிறைவேற முன்நின்றார். 212 பேர் ஆதரவு, 126 பேர் எதிர்ப்பு. படைத்தலைமை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பிரான்சில் கொம்பியேன் காட்டுக்குள் ஒரு ரயில் பெட்டி நின்றது. எண் 2419 டி. சாப்பாட்டுப் பெட்டியாக ஓடியதை அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஃபோஷ். பேச்சுவார்த்தை என்று அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நிபந்தனைகளை வாசித்தார்கள், 72 மணி நேரம் கொடுத்தார்கள். பீரங்கி 5,000, ரயில் எஞ்சின் 5,000, ரயில் பெட்டி 1,50,000 ஒப்படைக்க வேண்டும். கடல் முற்றுகை தொடரும். கடைசி விஷயம்தான் எர்ஸ்பெர்கரை அதிகம் உலுக்கியது. ஜெர்மன் நகரங்களில் ஏற்கெனவே பட்டினி. கொஞ்சம் தளர்வு வாங்க முடிந்ததே தவிர முற்றுகை நீங்கவில்லை. 1919 ஜூலை வரை அது நீடித்தது.

நவம்பர் 11 விடியற்காலை, ஐந்து மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் கையெழுத்து முடிந்தது. எர்ஸ்பெர்கர் எழுந்து ஒரு சிறிய அறிக்கையைப் படித்தார். ஏழு கோடிப் பேர் கொண்ட ஒரு மக்கள் துன்பப்படுவார்கள், ஆனால் செத்துப்போக மாட்டார்கள் என்று முடிந்தது அது. ‘மிக நல்லது’ என்றார் ஃபோஷ். கைகுலுக்கல் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று வென்றவர்கள் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை. ஜெர்மன் படையின் தலைவர் ஹின்டன்பர்க் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். தோற்றது அவருடைய படை. வழக்கமாக இதைச் செய்வது படைத்தலைவர்கள்தான், அரசியல்வாதி செய்வது இதுவே முதல்முறையாக இருக்கலாம் என்று ஹின்டன்பர்க்கே எர்ஸ்பெர்கரிடம் சொல்லித்தான் வழியனுப்பினார். ஒரு வருஷம் கழித்து, 1919 நவம்பர் 18 அன்று, நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அதே மனிதர் வந்து நின்று, ஜெர்மன் படை முதுகில் குத்தப்பட்டது என்றார். முன்னால் நின்ற எதிரியால் தோற்கவில்லையாம், உள்ளே இருந்தவர்கள் காட்டிக்கொடுத்தார்களாம். ஜெர்மன் மண்ணில் பெரிய சண்டையே நடக்காததால், படை அணிவகுத்து வீடு திரும்பியதால், அந்தப் பொய் எளிதாக ஒட்டிக்கொண்டது.

என்ன கேட்டார்கள்

பாரிஸ் மாநாடு தொடங்கியது 1919 ஜனவரி 18. 1871-இல் இதே தேதியில்தான் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது, பிரான்சின் தலைநகரை முற்றுகையிட்டுக்கொண்டே. தேதியைத் தேர்ந்தெடுத்ததிலேயே மாநாட்டின் மனநிலை தெரிகிறது. பிரெஞ்சுப் பிரதமர் கிளமான்சோ 1871-இல் இளம் சட்டமன்ற உறுப்பினர். அல்சாஸ்-லொரைன் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுப்பதை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 48 வருஷம் அந்தக் காயத்தோடு வாழ்ந்தவர்.

அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேலான வீரர்களை இழந்திருந்தது. வடக்கு மாவட்டங்கள் பொட்டல் ஆகிவிட்டன. பின்வாங்கும்போது ஜெர்மன் படை நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீர் புக விட்டுச் சென்றிருந்தது. ஜெர்மனியின் பெரும்பகுதித் தொழிற்சாலைகளோ சுவர்கூடக் கீறாமல் நின்றன. நான்கு கோடிப் பேர் உள்ள நாடு, ஆறு கோடிக்கும் மேல் உள்ள பக்கத்து நாட்டைப் பார்த்து நடுங்கியது. அந்த நடுக்கம் கற்பனை இல்லை.

ஜெர்மனியும் யோக்கியம் இல்லை. 1918 மார்ச்சில் ப்ரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் என்ற இடத்தில் ரஷ்யாமீது அது சுமத்திய உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். போலந்து, பால்டிக் பகுதிகள், உக்ரைன் எல்லாம் ரஷ்யாவின் கையை விட்டுப் போயின. நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பகுதி போனது. அது ஒன்பது மாதங்கூடத் தாங்கிய பாடில்லை என்பதைத்தான் கொம்பியேனுக்கு வந்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

உடன்படிக்கையில் 440 பிரிவுகள். முக்கியமானவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்சாஸ்-லொரைன் பிரான்சுக்குத் திரும்பியது. கிழக்கே போசன், மேற்குப் பிரஷ்யாவின் பெரும்பகுதி போலந்துக்கு. மொத்தத்தில் நிலத்தில் ஏறக்குறைய 13 சதவீதம், மக்களில் பத்தில் ஒரு பங்கு, வெளிநாட்டுக் காலனிகள் எல்லாம் போயின. படை ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. விமானப்படை, டாங்கி, நீர்மூழ்கி கூடாது. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ரைன்லாந்தில் நேச நாட்டுப் படை 15 வருஷம் வரை இருக்கும். ஆஸ்திரியாவோடு சேரக் கூடாது. அப்புறம் 231-ஆம் பிரிவு. எல்லா இழப்புக்கும் சேதத்துக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் வாசகம்.

நஷ்டஈடு எவ்வளவு? அதைச் சொல்லவில்லை! தொகை பிறகு நிர்ணயிக்கப்படும் என்று விட்டுவிட்டார்கள். 440 பிரிவுகளில் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது இதுதான். எவ்வளவு கடன் என்றே தெரியாமல் கடன்பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது போன்றது. 1921 மே மாதம் லண்டனில் அறிவித்த தொகை 13,200 கோடித் தங்க மார்க். அதில் 8,200 கோடி வெறும் பெயருக்கு எழுதிய கணக்கு, வசூலிக்க முடியும் என்று வாங்குபவர்களே நம்பவில்லை. உள்நாட்டு வாக்காளர்களைத் திருப்திப்படுத்தப் பெரிய எண் தேவைப்பட்டது. அந்தப் பெரிய எண்ணைத்தான் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிகள் அடுத்த பத்து வருஷம் மேடை மேடையாகக் காட்டினார்கள். வசூலாகாத பணத்துக்காக முழு வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1919 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஃபான்டெய்ன்ப்ளோவில் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். ஜெர்மனியின் காலனிகளைப் பறிக்கலாம், படையைப் போலீஸ் அளவுக்குச் சுருக்கலாம், ஆனாலும் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அது நினைத்தால் பழிவாங்க ஒரு வழியைக் கண்டுபிடித்தே தீரும் என்பது அதன் சாரம். எழுதியவரே பிறகு நஷ்டஈட்டுக் கணக்கில் ராணுவ ஓய்வூதியங்களையும் சேர்க்க வைத்தார். தெரியாமல் செய்த தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

யார் போடுவது

மே 7 அன்று வரைவை ஜெர்மன் குழுவிடம் கொடுத்தார்கள். நேரில் விவாதம் கிடையாது, எழுத்தில் மட்டும் பதில் சொல்லலாம். ஜூன் மாதம் கெடு வந்தது. ஏற்காவிட்டால் படை உள்ளே வரும். ஜெர்மன் அரசின் தலைவர் ஷைடமன், இந்த விலங்கை நமக்குப் பூட்டும் கை விளங்காமல் போகும் என்று பேசியவர். ஜூன் 20 அன்று பதவி விலகினார். எதிர்த்துச் சண்டை போட முடியுமா என்று படைத்தலைமையைக் கேட்டார்கள். முடியாது என்றார் க்ரோனர். அந்த ‘முடியாது’ ஒரு தந்தியோடு நின்றுபோனது. மக்கள் முன்னால் எந்தத் தளபதியும் வந்து அதைச் சொல்லவில்லை.

வைமார் நகரில் கூடிய தேசிய சபையில் ஜூன் 22 அன்று வாக்கெடுப்பு. ஏற்கலாம் என்று 237, கூடாது என்று 138. ஏற்க வேண்டும் என்று வாதாடி வாக்குத் திரட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் மறுபடியும் எர்ஸ்பெர்கர். மறுத்தால் நாடு துண்டு துண்டாகும், பட்டினி தொடரும் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கு என்றே எனக்குப் படுகிறது. எதிர்த்து வாக்களித்தவர்கள் பாடு வசதி. நிறைவேறும் என்று தெரிந்தே எதிர்க்கலாம், தேசபக்தி அப்படியே இருக்கும்.

ஜூன் 28 அன்று கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருவர்: சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மன் முல்லர், மையக் கட்சியின் யோஹான்னஸ் பெல். போரில் முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு வீரர்களை, உள்ளே வருபவர்கள் கண்ணில் படும்படி மண்டபத்தில் நிறுத்தியிருந்தார் கிளமான்சோ. அந்த ஐந்து பேரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ஜெர்மன் பேரரசர் கைசர் ஹாலந்தில் இருந்தார். லூடன்டார்ஃப் நினைவுக் குறிப்புகளை எழுதி முடித்திருந்தார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1919 ஜனவரித் தேர்தலில் புதிய குடியரசைத் தாங்கிய மூன்று கட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 76 சதவீதம். 1920 ஜூன் தேர்தலில் அது 44 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இடையில் ஒரு ராணுவக் கவிழ்ப்பு முயற்சியும் ரூர் பகுதியில் தொழிலாளர் கிளர்ச்சியும் நடந்தன, எல்லாவற்றுக்கும் உடன்படிக்கையையே காரணம் சொல்லக் கூடாது. ஆனாலும் பதினேழு மாதத்தில் குடியரசுக் கட்சிகள் பெரும்பான்மையை இழந்தன. அதன் பிறகு அவை மூன்றும் சேர்ந்து அதைத் திரும்பப் பெறவே இல்லை.

எர்ஸ்பெர்கர் நிதியமைச்சர் ஆனார். சிதறிக்கிடந்த வரி முறையை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கினார், பணக்காரர்கள் மேல் வரி போட்டார். அது அவருக்கு இன்னும் எதிரிகளைச் சேர்த்தது. 1920 ஜனவரியில் நீதிமன்ற வாசலில் ஒரு இளைஞன் சுட்டான், பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு காட்டுப்பாதையில் பிழைக்கவில்லை. 1922 ஜூன் 4 அன்று ஷைடமன் முகத்தில் விஷ அமிலத்தைப் பீய்ச்சினார்கள், தப்பினார். இருபது நாள் கழித்து வெளியுறவு அமைச்சர் ராத்தெனோவை பெர்லின் தெருவில் காருக்குள் வைத்துக் கொன்றார்கள். நஷ்டஈட்டைக் கட்டிப் பார்ப்போம், கட்ட முடியாது என்பதை அப்படியே நிரூபிப்போம் என்ற கொள்கையை முன்னெடுத்தவர்களில் ஒருவர் ராத்தெனோ. யூதர் என்பது கொலையாளிகளுக்குக் கூடுதல் காரணம்.

ரூர்

1923-இல் நடந்ததைப் பார்த்தால், கடுமையான உடன்படிக்கையை அமல்படுத்துவதில் உள்ள சிக்கல் முழுசாகத் தெரியும். மரத் தந்திக் கம்பங்களும் நிலக்கரியும் சொன்னபடி வந்துசேரவில்லை என்று ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்தன. சட்டப்படி பிரான்சுக்கு வாதம் இருந்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டு அச்சடித்தது. போர்ச் செலவுக்காகவே பல வருஷமாகச் சரிந்துகொண்டிருந்த மார்க், இப்போது தலைகுப்புற விழுந்தது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்.

யார் அழிந்தார்கள் என்று பாருங்கள். பெரிய ஆலை முதலாளிகளின் கடன் காகிதமாகக் கரைந்துபோனது, அவர்களுக்கு லாபம். வயதான காலத்துக்கென்று பணத்தைப் பத்திரத்தில் போட்டு வைத்திருந்த ஆசிரியர், குமாஸ்தா, விதவை எல்லோரும் ஒட்டாண்டி ஆனார்கள். குடியரசுக்குத் தூணாக நின்றிருக்க வேண்டிய நடுத்தர வர்க்கம் அது. வாழ்நாள் சேமிப்பில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாமல் நின்ற ஒரு மனுஷிக்கு, நோட்டை அச்சடித்தது யார், ரூருக்குள் வந்தது யார், 1914-இல் கடன் வாங்கிப் போரிட்டது யார் என்ற கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. கையெழுத்துப் போட்டவர்களால் வந்தது என்று யாரோ சொன்னார்கள், நம்பினாள்.

பிரான்சுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. ரைன் எல்லையைக் கேட்காமல் விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக, ஜெர்மனி தாக்கினால் உதவிக்கு வருவோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வாக்குக் கொடுத்திருந்தன. அமெரிக்க செனட் வெர்சாய் உடன்படிக்கையையே நிராகரித்தது. அமெரிக்க வாக்கோடு சேர்த்து பிரிட்டன் வாக்கும் காலாவதியானது. கடுமையான சமாதானத்தை எழுதியவர்கள் மூன்று பேர், காவல்காக்க மிஞ்சியது ஒருவர். ஆயுதக் குறைப்பைக் கண்காணித்த குழு 1927-இல் கிளம்பிப் போனது. அதற்கு முன்பே ரஷ்யாவின் லிப்பெட்ஸ்க் நகரில் ஜெர்மன் விமானிகள் ரகசியமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டவனுக்கு இல்லை, பறித்தவனுக்கு உண்டு

சரி, பிறகு தளர்த்தினார்களே என்று கேட்கலாம். தளர்த்தினார்கள். 1924-இல் நஷ்டஈட்டுத் தவணை குறைந்தது. 1925-இல் லொகார்னோவில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஷ்ட்ரேசமனும் பிரெஞ்சு அமைச்சர் பிரியானும் ஜெர்மனியின் மேற்கு எல்லைகளை ஏற்று உடன்பட்டார்கள், இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். உடன்படிக்கை கையெழுத்தாகி ஒன்பது வருஷம் கழித்தும் இவ்வளவுதான். வெர்சாயிலிருந்து ஹிட்லருக்கு ஒரு நேர்க்கோடு போடுபவர்கள் இந்த எண்ணைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும். பொருளாதாரப் பெருமந்தம் இல்லாமல் அந்தக் கோடு முழுமையாகாது.

ஆனால் தளர்வு வந்த நேரத்தைக் கவனியுங்கள். ரைன்லாந்திலிருந்து கடைசிப் படை வெளியேறியது 1930 ஜூன் 30. அதற்காக உயிரைக் கொடுத்து உழைத்த ஷ்ட்ரேசமன் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107 இடத்துக்குத் தாவினார்கள். நஷ்டஈடு நடைமுறையில் முடிவுக்கு வந்தது 1932 ஜூலையில், அதைக் கேட்டுப் போராடிய ஜெர்மன் அரசின் தலைவர் ப்ரூனிங் பதவியிழந்த பிறகு.

இதைவிடக் கசப்பானது ஆஸ்திரியா விஷயம். 1919-இல் இரு நாட்டு ஜனநாயகவாதிகளும் சேர விரும்பினார்கள், கூடாது என்றது உடன்படிக்கை. 1931-இல் வெறும் சுங்கக் கூட்டணி போதும் என்றார்கள், அதையும் தடுத்தார்கள். 1938-இல் ஹிட்லர் படையை அனுப்பிச் சேர்த்துக்கொண்டார். கண்டனக் கடிதம் வந்தது. 1935-இல் அவர் கட்டாய ராணுவ சேவையை அறிவித்தபோதும் இப்படித்தான், 1936 மார்ச்சில் ஜெர்மன் படைக்குத் தடை இருந்த ரைன்லாந்துக்குள் படையை நடத்தியபோதும் இப்படித்தான். மரியாதையாகக் கேட்டவர்களுக்கு மறுத்ததை, தட்டிப் பறித்தவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒரு சாதாரண ஜெர்மன் குடிமகன் இதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பான்? மிதவாதிகள் பதினான்கு வருஷம் கெஞ்சியும் வாங்காததை இவர் மூன்றே வருஷத்தில் வாங்கிவிட்டார் என்றுதானே?

மற்ற சமாதானங்களோடு வைத்துப் பார்த்தால்

1815-இல் நெப்போலியனை இரண்டாம் முறை வீழ்த்திய பிறகு பிரான்சுக்கு விதித்தது ஒன்றும் மிதமானதல்ல. 70 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு, 1,50,000 வீரர்களின் ஆக்கிரமிப்பு. ஆனால் தொகை தெரியும், ஐந்து வருஷத்துக்கு மேல் போகாது என்பதும் தெரியும். பிரான்ஸ் பணத்தைக் கட்டி முடிக்க ஏற்பாடு செய்ததும் 1818-லேயே படைகள் கிளம்பின. அதே கூட்டத்தில் வல்லரசுகளின் வரிசையில் பிரான்சுக்கும் நாற்காலி போட்டார்கள். கட்டியவருக்கு மரியாதை கிடைத்தது. 1919-இல் ஜெர்மனியின் புதிய அரசை உலக நாடுகள் சங்கத்தின் வாசலிலேயே நிறுத்தி, ஏழு வருஷம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

1871-இல் பிஸ்மார்க் பிரான்சிடம் கேட்டது 500 கோடி ஃபிராங்க். எல்லோரும் அதிர்ந்தார்கள். பிரான்ஸ் கெடுவுக்கு முன்பே கட்டிவிட்டது, 1873 செப்டம்பரில் கடைசி ஜெர்மன் வீரன் வெளியேறினான். பணத்தால் வந்த காயம் ஆறியது. அல்சாஸ்-லொரைன் ஆறவில்லை. பாரிசில் கொன்கார்ட் சதுக்கத்தில் பிரெஞ்சு நகரங்களுக்கென்று இருக்கும் சிலைகளில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் சிலைக்கு மட்டும் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள், 1918 வரை. பணம் கட்டித் தீர்கிற கடன். மண் அப்படியல்ல, அதன் மேல் ஆட்கள் வாழ்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒட்டோமான் பேரரசின் மீது சுமத்திய செவ்ர் உடன்படிக்கை கையெழுத்தானது 1920 ஆகஸ்ட் 10. நாட்டையே கூறுபோட்ட அந்தக் காகிதத்தில் சுல்தானின் ஆட்கள் கையெழுத்திட்டதும், அங்காராவில் இருந்த தேசிய சபை அவர்களைத் துரோகிகள் என்று அறிவித்தது. அந்தச் சபையின் தலைவர் முஸ்தபா கெமால் போரிட்டு அந்த உடன்படிக்கையையே கிழித்துப் போட வைத்தார். 1923 லோசானில் மறுபடி முதலிலிருந்து பேசினார்கள். இந்த முறை எதிரே உட்கார்ந்தது களத்தில் நின்ற தளபதி இஸ்மெத். அன்று எழுதிய உடன்படிக்கை, சில திருத்தங்களோடு, இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதற்குள்ளேயே கிரேக்க, துருக்கி மக்கள் பரிமாற்றம் என்ற பெரும் கொடுமை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் 1945. தோல்வி யாருடையது என்பதில் அந்த முறை சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. மே 7 அன்று ரீம்ஸ் நகரில் கையெழுத்திட்டவர் தளபதி யோடல். அடுத்த இரவு பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட்டில் கையெழுத்திட்டவர் படைத்தலைவர் கைட்டல். அரசியல்வாதி யாரையும் முன்னால் தள்ளிவிட்டு ஒளிந்துகொள்ள முடியவில்லை. பின்னால் வந்த அடனாவர், எந்தச் சரணாகதியிலும் கையெழுத்துப் போடாத மனிதர். அவர் தலைமையிலான மேற்கு ஜெர்மனிக்கு 1953-இல் லண்டனில் பழைய கடன்களில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். விட்டுக்கொடுத்தது மிதவாதிக்கு, அதுவும் அவர் பதவியில் இருக்கும்போதே. அதோடு படைகள் ஊரைவிட்டுப் போகவும் இல்லை. கிழக்கே இருந்த பகுதி நாற்பது வருஷம் இன்னொரு ஆட்சியின் கீழ் வாடியது. அந்தச் சமாதானத்தின் விலையை அதிகம் கொடுத்தது அவர்கள்தான்.

வெர்சாய் முடமாக்கும் அளவுக்கு அடிக்கவும் இல்லை, தழுவிக்கொள்ளும் அளவுக்கு இறங்கவும் இல்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். சரியான பேச்சுதான். என்னைக் கேட்டால், அதில் இன்னொரு கேள்வியும் விடுபட்டிருக்கிறது. நாளைக்கு இந்த உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு தன் மக்கள் முன்னால் போய் நிற்கப்போகும் அந்த மனிதனின் கையில் என்ன இருக்கும்? கொம்பியேனிலும் வெர்சாயிலும் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு தேதி, ஒரு தொகை, உணவுக் கப்பல்களுக்கு ஒரு வழி, சங்கத்தில் ஒரு நாற்காலி. இவற்றில் குறைந்தது இரண்டு எர்ஸ்பெர்கர் கையில் இருந்திருக்கலாம்.

கொம்பியேன் காட்டில் அந்தப் பெட்டி நின்ற இடத்தில் பிரான்ஸ் ஒரு நினைவிடம் கட்டியது. சுதந்திர மக்களை அடிமையாக்க நினைத்த ஜெர்மன் பேரரசின் குற்றத் திமிர் இங்கே வீழ்ந்தது என்ற பொருளில் கல்லில் எழுதி வைத்தார்கள். பெட்டியை அருகிலேயே ஒரு கட்டடத்தில் பாதுகாத்தார்கள். 1940 ஜூனில் ஜெர்மானியர்கள் அந்தக் கட்டடத்தின் சுவரை இடித்து, பெட்டியை வெளியே இழுத்து, 1918-இல் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார்கள். ஜூன் 21 அன்று ஹிட்லர் உள்ளே போய் உட்கார்ந்தார். அடுத்த நாள் தோற்ற பிரான்சோடு செய்த போர்நிறுத்தத்தில் ஜெர்மனிக்காகக் கையெழுத்திட்டவர் கைட்டல். ஐந்து வருஷம் கழித்துக் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட்டில் தோற்றவராகப் பேனாவை எடுத்த அதே கைட்டல். கல்லை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெட்டியை பெர்லினுக்குக் கொண்டுபோய் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். போர் முடியும் தறுவாயில் அது அழிந்துபோனது.

எர்ஸ்பெர்கரைக் கொன்ற இருவரில் ஒருவரான டில்லெசன், போர் முடிந்த பிறகு பிடிபட்டார். 1946-இல் ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று அவரை விட்டுவிட்டது. தேசத்துக்காகச் செய்த குற்றம் என்று சொல்லி 1933-இல் நாஜி ஆட்சி கொடுத்த பொதுமன்னிப்பு இன்னும் செல்லும் என்றது. அந்தப் பகுதியை அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சு நிர்வாகம் தலையிட்டு அந்தத் தீர்ப்பை ரத்தாக்க வைத்தது. 1947-இல் மறு விசாரணையில் 15 வருஷச் சிறை விதித்தார்கள். 1952-இல் வெளியே வந்துவிட்டார்.